என் கண்ணாடியைக் கழற்ற வைத்த மகனுக்கு

எழுதப் படிக்கத் தெரிந்த உன் தாயை எழுத்தறியாதவள் என்று ஊரறியச் சொன்னாய். நாமே கட்டி, நாமே பூங்காவனம் படிப்பகம் என்று பெயர் வைத்த கட்டடத்தின் மேல் உன் முதலாளியின் தாயார் பெயரை எழுதவைத்தாய். அப்படி எழுதுவதற்கு வசதியாக, நம் காலனியில் அதற்கு முன் ஒரு புத்தகம்கூட இருந்ததில்லை என்று மேடையேறிப் பேசினாய். இவையெல்லாம் நீ செய்தவை. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, ஆபீசில் யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று இனி எவரிடமும் சொல்லாதே. மேலே கையெழுத்துப் போடுகிற இடத்தில் நீதான் உட்கார்ந்திருக்கிறாய்.

வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம் என்று ஃபோனில் சொன்னாய். வீட்டு விஷயத்தை மேடைக்கு ஏற்றியது நான் இல்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருந்து ஆட்களை வரவழைத்து, பெரிய திரையில் என் முகத்தைப் போட்டுக் காட்டியது நீ. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதையும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளியே எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். யாருக்கும் சொல்லி எழுதவைக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கம்பெனி ஆட்களுக்காக அந்தப் படிப்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரியும், ஆனால் மறந்த மாதிரி இருப்பது உனக்கு லாபமாகிவிட்டது. பூங்காவனம் மாமா திண்டிவனம் மல்லாட்டை மண்டியில், உன் கம்பெனி ஆட்கள் பாஷையில் வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்கினவர். உனக்குப் பெரியப்பா முறை. மண்டிக்காரர் படித்து முடித்துத் தூக்கிப் போட்ட பேப்பரை அவர் மறுநாள் மாலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். ஆக நம் காலனிக்கு உலகச் செய்தியெல்லாம் ஒரு நாள் தாமதமாகத்தான் வந்து சேரும். ஊர்த் தெருவில் அப்போதே ஒரு நூலகம் இருந்தது. நம்மவர்கள் போனால் வாசலில் நிற்கவைத்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கப் பிடிக்காத சிலர் சேர்ந்து, ஏரிக்கரை மண்ணைச் சுமந்து, சுவரெழுப்பி, ஓடு போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் புத்தகம் கொண்டுவந்தார்கள். புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தார்கள். கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு பாய் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனவர்களிடம், அந்த வீட்டம்மா ஒரு மூட்டை புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு பச்சை நிற இரும்பு பீரோ நிரம்பியது. அந்த பீரோவின் கதவு சாத்தினால் திரும்பத் திறக்காது என்பதால் அதை யாரும் சாத்தியதே இல்லை.

படிப்பகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எழுத்துக் கூட்டப் பழகியவர் யாரோ அவர்தான் மாலையில் எல்லாருக்கும் சத்தமாகப் படிக்க வேண்டும். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். படிக்கிறவர் திணறினால் காத்திருக்க வேண்டும். அவராகக் கேட்டால் தவிர யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சிரித்தவர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இது யாரோ கல்விமான் யோசித்து வைத்த சட்டம் இல்லை. ஆரம்பத்தில் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன்தான் பேப்பர் படிப்பான். மாமாவுக்கு எழுத்து தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. ஒருநாள் அவர் அந்தப் பையனைப் பார்த்து, "நீ படிக்கறது ரயிலு போற மாதிரி கீதுப்பா. ஒரு பொட்டிகூட எனக்குத் தெரிய மாட்டேங்குது. அந்தப் பொண்ண படிக்கச் சொல்லு. அது நின்னு நின்னு படிச்சாதான் நான் கூடவே நடந்து போவ முடியுது" என்றார்.

அந்தப் பொண்ணு நான். கல்யாணமாகி வந்த புதிது. மல்லாட்டை உடைக்கிற மில்லில் மூட்டை மேல் எழுதியிருப்பதையும் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதையும் பார்த்துப் பார்த்து நானே எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்துக்கு நான் போனதில்லை. முதல்நாள் ஒரு மந்திரி விழுப்புரம் வருகிற செய்தியைப் படித்தேன். பாதி வரும்போதே யாரோ, "அந்த மந்திரி வந்துட்டுத் திரும்பியே பூட்டாரு, இது இன்னும் மேடையே ஏத்தல" என்றார்கள். சொன்னவர் உன் அப்பா. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பிறகு எனக்கடுத்து வேறொருவர் எழுத்துப் பழகி வந்தபோது நான் தரைக்கு இறங்கினேன். அப்படித்தான் அது ஓடும். ஒருவர் மேலே போனதும் அவருடைய இடம் இன்னொருவருக்கு. அந்தப் படிப்பகத்தில் நல்லதே நடந்தது என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து கத்தியவர்கள் உண்டு. கட்சிச் சண்டையில் கூரை ஓடுகளை உடைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒருவரும் அதை இல்லாத இடம் என்று சொன்னதில்லை. அதைச் சொல்ல நீ வரவேண்டியிருந்தது.

உன் முறையும் வந்தது. வானிலைச் செய்தி படித்தாய். நாளை பரவலாக மழை பெய்யும் என்று நீ எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோதே ஓட்டின் மேல் சடசடவென்று மழை விழுந்தது. நேற்றைய பேப்பர் அல்லவா, அதன் நாளைதான் நமக்கு இன்று. காலனியே எழுந்து நின்று சிரித்தது. வழக்கப்படி அத்தனை பேரும் டீ வாங்கித் தர வேண்டும், யாருக்கு யார் வாங்கிக் கொடுப்பது என்று மாமா கேட்டார். அன்றிலிருந்து பல வருஷம் உன்னை மழைக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். மேடையில் நீ பேசியபோது முன்வரிசையில் இருந்த பெரியவர்களில் பாதிப்பேர் உன்னை அப்படிக் கூப்பிட்டவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் முதன்முதலில் ஒரு புத்தகத்தைத் தொட்டது கல்லூரியில்தான் என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ உழைத்தாய். அதை நான் மறுக்கவில்லை. விழுப்புரம் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து படித்தாய். பிறகு திண்டிவனத்தில் நம் ஆட்கள் நடத்திய மாதப் பத்திரிகையில் சேர்ந்தாய். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. விளம்பரம் கேட்டு அலைந்தாய், பிழை திருத்தினாய், கட்டுக்கட்டிக் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர்களைக் கெஞ்சி ஏற்றிவிட்டாய். அந்தப் பத்திரிகை ஆசிரியர் உன்னைத் தன் தம்பியாகவே நடத்தினார். சென்னையில் அந்தப் பெரிய பதிப்பகம் கூப்பிட்டபோது, போய் வா, அங்கே நம்மவன் ஒருத்தன் இருக்க வேண்டும் என்று அனுப்பியதும் அவர்தான். முதலில் விற்பனைப் பிரிவு, பிறகு புத்தகம் தேர்ந்தெடுக்கிற வேலை. யாரும் அச்சிட முன்வராத நம் ஆட்களின் எழுத்தை நீ கொண்டுவந்தாய். அந்தப் புத்தகங்களை எனக்கு அனுப்புவாய். நான் படித்துவிட்டு பீரோவில் வைப்பேன். அதே பச்சை பீரோவில். அதில் ஒரு தட்டு முழுக்க நீ அனுப்பியவை. ஒரு புத்தகம்கூட இல்லாத காலனி என்று சொன்னபோது உன் சொந்த உழைப்பையும் சேர்த்துத்தான் அழித்தாய்.

உன்னை மேலே மேலே ஏற்றினார்கள். அந்த மாடியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நம்மவன் என்று பேப்பரில் படம் வந்தது. அப்புறம் ஒருநாள் ஃபோன் செய்து, கம்பெனி அறக்கட்டளை தொடங்குகிறது, அதற்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள் என்றாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். இனிமேல் புத்தகம் போடுகிற வேலை இல்லை அம்மா, புத்தகம் கொடுக்கிற வேலை என்றாய். போடற வேலையை யார் பார்ப்பது என்று கேட்டேன். வேறு ஆள் பார்ப்பார்கள் என்றாய். அதற்குப் பிறகு நீ போட்ட மாதிரிப் புத்தகம் அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. உன்னை மேலே ஏற்றிவிட்டு உன் கையிலிருந்த வேலையை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பேச்சு அச்சேறுவது அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. நாங்கள் கை நீட்டி வாங்குவது சங்கடமாக இல்லை. அதைப் படமெடுத்துக் காட்ட உன்னைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்குக் கிடைக்கமாட்டான். இதை நான் அப்போதே சொன்னேன். சந்தேகப்புத்தி என்றாய்.

அப்புறம் படமெடுக்கிறவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். வந்ததும் கேஸ் அடுப்பை எடுத்துத் தோட்டத்துப் பக்கம் வைத்தார்கள். சிலிண்டரை நகர்த்த முடியாமல் அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். வாசலில் மூன்று கல் வைத்து விறகு மூட்டி என்னை அதன் முன்னால் உட்காரச் சொன்னார்கள். சரி, பிள்ளையின் கம்பெனி என்று உட்கார்ந்தேன். கண் எரிந்தது. பிறகு ஒரு புத்தகத்தை மடியில் வைத்தார்கள். நான் வழக்கம்போல் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். காதில் ஏதோ மாட்டியிருந்த அந்தப் பெண் ஓடி வந்து, "அம்மா, கண்ணாடி வேணாம்மா. கழட்டிட்டு அந்த புக்கை அப்படியே தடவிப் பாருங்க" என்றாள்.

"கண்ணாடி இல்லன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

"தெரிய வேணாம்மா. அதுதான் வேணும்" என்றாள்.

அவள் கையில் இருந்த தாளைக் காட்டி, சார் ஓகே பண்ணிக் கொடுத்ததுதான், எல்லாம் இதில் இருக்கிறபடிதான் எடுக்கிறோம் என்றாள். சார் என்றால் நீ. கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். கழற்றியது என் கைதான், அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் என்ன கதைக்காகக் கழற்றுகிறேன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

நம் படிப்பகத்தை நீங்கள் புதுப்பித்துத் திறந்த விழாவன்று தெரிந்தது. பந்தல், பேண்டு, பிளக்ஸ். காலனிப் பிள்ளைகளுக்கெல்லாம் கம்பெனி நிறத்தில் பனியன். புத்தகத்தைப் பிரிக்காமல், அட்டை கேமராவுக்குத் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்லி வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். திரையில் புகைக்கு நடுவில் என் முகம் வந்தது. நான் ஒரு புத்தகத்தைக் குருடி மாதிரித் தடவிக்கொண்டிருந்தேன். பின்னால் உன் குரல். எழுத்தறியாத என் தாயின் கைகள் என்று தொடங்கி என்னென்னவோ வந்தது. மிச்சம் என் காதில் ஏறவில்லை. நம் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த, என்னிடம் எழுத்துப் பழகிவந்த அஞ்சலை என் காதருகே குனிந்து, "யக்கா, உனக்கு எப்பக்கா மறந்துபோச்சு?" என்று கேட்டாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனேன். திரும்பி வருவதற்குள் மேடைக்குக் கூப்பிட்டார்கள். உன் முதலாளி என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் நம்பிக் கும்பிடுகிறார். நீ பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அந்தக் கண்ணீர்தான் எனக்குச் சகிக்கவில்லை. பொய் சொன்னவன் கூச்சப்பட்டு நின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். சொன்ன பொய்யைக் கேட்டு நீயே உருகினாய்.

கட்டடம் நன்றாக இருக்கிறது. ஒழுகவில்லை, ஃபேன் ஓடுகிறது, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. புதுப் புத்தகங்களில் நல்லவையும் இருக்கின்றன. நல்லதை நல்லது என்று சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் புத்தகமெல்லாம் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டில் இருக்கிறது. பச்சை பீரோவை, உள்ளே இருந்ததை எடுக்காமலேயே, காண்ட்ராக்டர் ஆட்கள் பழைய இரும்புக் கடைக்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். திறந்திருப்பது காலை பத்து முதல் மாலை ஐந்துவரை. ஞாயிறு விடுமுறை. அந்த நேரத்தில் காலனியில் யார் இருக்கிறார்கள்? நடவுக்குப் போனவர்கள், மில்லுக்குப் போனவர்கள், புதுச்சேரி பஸ் ஏறினவர்கள் எல்லாரும் ஆறு மணிக்கு மேல்தான் வீடு வருகிறார்கள். அதையெல்லாம்விட, நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அமைதி காக்கவும் என்று பெரிதாக ஒரு பலகை. சத்தம் போட்டுப் படிப்பதற்காகவே கட்டிய இடத்தில் அமைதி காக்கவும்.

அது யாரைத் தாக்கியது என்று உனக்குச் சொல்கிறேன். அஞ்சலையை உனக்குத் தெரியும், கடைசி வீட்டுக்காரி. உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலை. எத்தனையோ வருஷம் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவள், போன வருஷம்தான், எனக்கும் சொல்லிக்குடு என்று என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து எழுத்தைப் பார்க்கத் தொடங்கினாள். பிடிவாதக்காரி. சேற்றுக் காலைக் கழுவிவிட்டு நேராக வந்துவிடுவாள். அவள் முறை வந்தது. சில நாட்கள்தான் படித்தாள். கல்யாண மண்டபத் திறப்பு, கிணற்றில் விழுந்த மாடு, எதுவானாலும் அவள் படித்து முடிக்கும்போது கேட்டவர்களுக்கு வேர்த்துவிடும். ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். அந்த வாரத்தில்தான் புதுப்பிக்கப் போகிறோம் என்று உன் ஆட்கள் பூட்டுப் போட்டார்கள்.

திறந்த பிறகு அஞ்சலை வேலை முடித்து வந்து பார்த்தால் எப்போதும் பூட்டியிருந்தது. வேலை கிடைக்காத ஒருநாள் பகலில் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டாள், நான்தான் உட்காரவைத்தேன். பேப்பரை விரித்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற நூலகப் பெண் எழுந்து வந்து, சத்தமாகப் படிக்கக் கூடாது, மனசுக்குள் படியுங்கள் என்று பணிவாகத்தான் சொன்னாள். "எனக்கு வாய்வுட்டுப் படிச்சாதாம்மா எழுத்து சேருது. உள்ளாரப் படிச்சா ஒண்ணொண்ணும் தனித்தனியா நின்னுக்கினு கீது" என்றாள் அஞ்சலை. அந்தப் பெண் மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள். சென்னையிலிருந்து பார்க்கிறார்கள், போன வாரம் பிள்ளைகள் பேசியதற்கே மெயில் வந்தது, என் வேலை போய்விடும் என்றாள். மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் இருக்கிறவள். அவளிடம் நான் என்ன சண்டை போடுவது?

அஞ்சலை பேப்பரை மடித்தாள். பிரித்த மாதிரியே மடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சரிபார்த்து மடித்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "வுடுக்கா. இந்த வயசுல எனக்கு இன்னா படிப்பு. ஒம் புள்ளயே அந்தப் படத்துல சொல்லிட்டானே, நம்மளுக்கெல்லாம் தெரியாதுன்னு" என்றாள். அதற்குப் பிறகு அவள் எழுத்தைத் தொடவில்லை. எழுதி வைத்திருந்த சிலேட்டைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். நான் போய்க் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறாள். உன் அறக்கட்டளை எத்தனை பேருக்கு எழுத்தறிவித்தது என்று உன் ஆண்டு மலரில் போடுவாயே, அதில் இதையும் சேர்த்துக்கொள். ஒருத்தியை நிறுத்தியது என்று போடு.

அஞ்சலை பேப்பரை மடித்து வைத்த அன்று மாலைதான் உனக்கு ஃபோன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். மீட்டிங் முடியும்வரை வைக்கமாட்டேன் என்றேன். வெளியே வந்து பேசினாய். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டுவிட்டு மெதுவாக, "அங்க ஏற்கெனவே ஒரு லைப்ரரி இருக்குன்னு சொன்னா கம்பெனி போர்டு மீட்டிங்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. ஒண்ணுமே இல்லன்னு காட்டினாதான் நம்ம ஊருக்குக் கொண்டு வர முடியும். நம்ம ஊருக்காகத்தாம்மா பண்ணேன்" என்றாய்.

"அதுக்கு நான் எதுக்குடா தற்குறி ஆவணும்?"

"அது ஒரு ஸ்டோரிம்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உனக்குப் புரியாது."

எனக்குப் புரிகிறது. கொடுக்கிறவர்கள் முன்னால் வெறுங்கையோடு நின்றால்தான் கொடுப்பார்கள் என்று நீ கண்டுகொண்டாய். நம் கையில் ஏதோ இருந்தது, அதைத் தட்டிவிட்டாய். பிறகு வெறுங்கையைக் காட்டினாய். அந்த மாடியில் நீ ஒருவன்தான் நம்மவன், உன்னை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எந்தப் பேச்சையெல்லாம் சிரித்துக்கொண்டே விழுங்குகிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பொங்கலுக்கு வந்தபோது சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாயே, அன்றைக்கே தெரியும். அங்கே நீ பட்டதை எண்ணி எனக்குத் தூக்கம் கெட்டதுண்டு. ஆனால் அவர்களிடம் பட்ட அவமானத்தைக் கொண்டுவந்து எங்கள் தலையில் இறக்கிவைக்க உனக்கு உரிமை கிடையாது. இனி எந்த ஊருக்கு எதைக் கொடுக்கப் போனாலும், அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் கேள். கேட்டதை எழுது. எழுதினால் கொடுக்கமாட்டார்கள் என்றால், வாங்காமல் திரும்பி வா. பூங்காவனம் மாமா நேற்றைய பேப்பரைக் கொண்டுவந்தார். அதற்காக நம்மை யாரையும் அவர் அழச் சொல்லவில்லை.

ஆகவே நடக்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இதில் எதையும் குறைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை, பாதிப் பாதி என்று பேச யாரையும் அனுப்பாதே.

உன் முதலாளி அந்தப் பெயர்ப்பலகையை இறக்க வேண்டும். அவருடைய தாயாரை நான் குறை சொல்லவில்லை, அந்த அம்மாவுக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்டி அதில் பெயர் வைக்கட்டும். இரண்டு பெயரையும் சேர்த்துப் போடலாம் என்று நீ சொல்வாய். கூடாது.

இறக்கிய இடத்தில் பூங்காவனம் படிப்பகம் என்று எழுதவேண்டியவர்கள் நம் காலனி இளைஞர்கள். பனியனைப் போட்டுக்கொண்டு கை தட்டினவர்கள் அவர்கள். நம்ம அண்ணன் கம்பெனிதானே என்று படித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஏணியை அவர்களே கொண்டுவரட்டும்.

காண்ட்ராக்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய், பீரோ உடைந்திருந்தாலும், உள்ளே இருந்த புத்தகங்களில் மிஞ்சியதைத் தேடிக் கொண்டுவர வேண்டும். ஒன்று கிடைத்தாலும் அதைக் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டாமல் வெளியே வைக்க வேண்டும்.

விழுப்புரத்துப் பெண்ணின் வேலைக்கு எதுவும் ஆகக் கூடாது. அது உன் பொறுப்பு. அவள் ஐந்து மணிக்குப் பஸ் பிடிக்கட்டும். சாவியை நம் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். கேமராவை மாலையில் அணைத்துவிட உன் ஆபீசில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ சொல். அமைதி காக்கவும் பலகையை நானே கழற்றிவிடுகிறேன், அதற்கு யாருடைய அனுமதியும் கேட்கமாட்டேன்.

அந்தப் படத்தை இனி எங்கேயும் காட்டக் கூடாது. உன் கம்பெனிப் பத்திரிகையில் புகைக்கு நடுவே என் முகம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில், என் தாய்க்குப் படிக்கத் தெரியும், என்னைவிட முன்பே அவர் இந்தக் காலனிக்குப் படித்துக் காட்டினார், நான் சொன்னது பொய் என்று உன் பெயரில் நீ எழுத வேண்டும். வேறு ஆளை வைத்து எழுதாதே. படம் தேவைப்பட்டால் சொல், கண்ணாடியோடு எடுத்து அனுப்புகிறேன்.

திண்டிவனம் மண்டிக்குப் போய் நேற்றைய பேப்பரை வாங்கிவருவது என் வேலை. அஞ்சலை வீட்டு வாசலில் போய் அவள் வருகிறவரை உட்கார்ந்திருப்பதும் என் வேலை. அவள் என்ன திட்டினாலும் எழுந்து வரமாட்டேன்.

கடைசியாக நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காரில் இல்லாமல், கேமராக்காரன் இல்லாமல், பஸ்ஸில் வந்து இறங்கு. படிப்பகத்துத் தரையில், பச்சை பீரோ இருந்த மூலையில் உட்கார். அஞ்சலை படிப்பாள். அவள் திணறுவாள். நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவளாகக் கேட்கும்வரை, மழைக்காரனே, நீ காத்திருக்க வேண்டும்.